எதுவும் கிடைக்காவிட்டால்

ஏலவார்குழலிக்கு ஒரு வாரம் அவகாசம் கொடுத்திருந்தார்கள். அவள் அந்தக் குறிப்பை ஒரே மத்தியானத்தில் எழுதி முடித்துவிட்டாள்.

பிள்ளையார்பாளையத்தில் ஓர் அறக்கட்டளை நடத்தும் கண் மருத்துவமனையில் நோயாளிகளின் பதிவுகளைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. பதினோராயிரம் பேர், பாதிக்கு மேல் தறிக்காரர்கள். அவர்கள் வாட்ஸ்அப்பில் கேட்பதற்குப் பதில் சொல்ல நிர்வாகம் ஓர் ஏஐ ஏஜென்டைக் கொண்டுவந்தது. கேட்பவரின் விவரத்தை டேட்டாபேஸில் தேட அதற்கு ஒரு தேடல் கருவி இருந்தது. அந்தக் கருவியை எப்படிப் பயன்படுத்துவது என்று ஏஜென்ட் படித்துக்கொள்வதற்கான குறிப்பைத்தான் குழலி எழுத வேண்டும்.

கருவியை அமைத்துக்கொடுத்த கம்பெனியின் ஆள் உதயகுமார் அப்போதே சொன்னான். "உங்க டேட்டாபேஸ் பத்தி ஏஜென்டுக்கு ஒண்ணுமே தெரியாதுங்க. நீங்க எழுதிக் குடுக்கிறதுதான் அதுக்குத் தெரியும். இன்னைக்குக் காலையில வேலைக்குச் சேர்ந்த ஆளுக்கு எழுதற மாதிரி எழுதுங்க. அதுவும் சந்தேகமே கேக்காத ஆளு."

படிவத்தில் ஐந்து கட்டங்கள் இருந்தன. நான்காவதில், 'எதுவும் கிடைக்காவிட்டால் என்ன செய்ய வேண்டும்?' என்று கேட்டிருந்தது. 'பதிவில் பெயர் இல்லை, பரிசோதனைக்கு வர வேண்டியதில்லை என்று சொல்லவும்' என்று எழுதினாள். கடைசிக் கட்டத்தில், 'கருவியில் தேடிப் பார்த்துச் சரிபார்த்தீர்களா?' என்று இருந்தது. அவள் ஒரு பெயரைக்கூடத் தேடிப் பார்க்கவில்லை. 'ஆம்' என்று போட்டாள். செவிலிமேட்டுக்குப் போகும் ஐந்து மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்தது. வேறு காரணம் எதுவும் இல்லை.

மேலாளர் வீரபாகு மறுநாள் எல்லார் முன்னாலும், "குழலி மாதிரி சுருக்கமா எழுதணும்பா" என்றார். அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

நான்கு மாதம் கழித்து வடிவாம்பாள் என்ற நெசவுக்காரப் பெண்மணி கணவர் பஞ்சாட்சரத்துடன் வந்தார். ஐம்பத்திரண்டு வயது. தறியில் உட்கார்ந்தால் வலப்பக்கத்திலிருந்து ஊடுநூலோடு ஓடிவரும் நாடா கண்ணில் படுவதில்லை என்றார். டாக்டர் சோதித்துப் பார்த்தார். கண்ணுக்குள் அழுத்தம் கூடி, வலக்கண்ணில் ஓரப் பார்வை போயிருந்தது. போனது திரும்பாது. முன்பு இங்கே கொடுத்த சொட்டு மருந்தை அவர் போடாமல் விட்டிருந்தார்.

"சொட்டு மருந்தை யாரும்மா நிறுத்தச் சொன்னது?"

வடிவாம்பாள் போனை எடுத்து நீட்டினார். அடுத்த பரிசோதனை எப்போது என்று அவர் கேட்டிருந்தார். 'எங்கள் பதிவில் உங்கள் பெயர் இல்லை. பரிசோதனைக்கு வர வேண்டியதில்லை' என்று பதில் வந்திருந்தது.

"வர வேணாம்னு போட்டிருந்துச்சு. சரி, கண்ணு நல்லாயிடுச்சுன்னு நெனச்சுக்கினேன்."

டாக்டரிடம் ஒரு கோப்பைக் கொடுக்க வந்த குழலி அந்த வரியைப் படித்தாள். அது அவள் எழுதிய வரி. ஆனால் வாயில் வந்தது வேறு. "இந்த ஏஐ சில நேரம் எதையாவது உளறிடும்மா."

"மெஷினுக்கு இன்னா தெரியும்? நீ ஏம்மா மொகம் வாடிப் போற?" என்று வடிவாம்பாள் அவள் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

குழலி அன்று சாப்பிடவில்லை. கணினியில் அந்தப் பெயரைத் தேடினாள். ஒன்றும் வரவில்லை. ஆங்கிலத்தில் ஓர் எழுத்தைக் கூட்டிப் போட்டாள், உடனே வந்தது. கண் பரிசோதனை முகாமில் பெயரைப் பதிந்துகொண்ட ஊழியர் அப்படி எழுதியிருந்தார். எழுத்துக்கு எழுத்து பொருந்தினால்தான் கருவி காட்டும். இது அவளுக்குத் தெரியாத சங்கதியா? அவள் பெயரே சான்றிதழில் ஒரு மாதிரி, ஆதாரில் வேறு மாதிரி. அதைத் திருத்த எத்தனை முறை இ-சேவை மையத்துக்கு அலைந்திருக்கிறாள்! ஒரே ஒரு முறை தேடிப் பார்த்திருந்தால் குறிப்பு எழுதிய அன்றே தெரிந்திருக்கும்.

ஏஜென்டின் உரையாடல்களைத் திறந்து பார்த்தாள். அது எங்கும் உளறவில்லை. ஒவ்வொரு முறையும் அவள் சொன்னபடியே தேடி, அவள் சொன்னபடியே பதில் சொல்லியிருந்தது. நாற்பத்து மூன்று பேருக்கு.

வீரபாகுவின் அறைக்குப் போனாள். வடிவாம்பாளுக்குப் போன பதிலுக்காக அவர் போனில் உதயகுமாரைத் திட்டிக்கொண்டிருந்தார். "மன்னிச்சுக்குங்க சார், எங்க பக்கம்தான் ஏதோ தப்பு" என்று ஸ்பீக்கரில் அவன் குரல் கெஞ்சியது. குழலி உள்ளே போகாமல் திரும்பிவந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். பேசாமல் இருந்துவிட்டால் இது அவனோடு போய்விடும். அப்படி நினைத்தோமே என்பது அவளுக்கு அருவருப்பாக இருந்தது. எழுந்து மறுபடி போனாள்.

"சார், அவர் மேல தப்பு இல்ல. ஏஜென்டும் தப்பாச் சொல்லல. நான் எழுதினதைத்தான் சொல்லியிருக்குது, நாப்பத்து மூணு பேருக்கு."

"தேடிப் பார்த்தேன்னு போட்டிருந்தியே?"

"பார்க்கல சார்."

வீரபாகு கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "மொதல்ல அந்த நாப்பத்து மூணு பேருக்கும் போன் பண்ணும்மா. மத்ததை அப்புறம் பேசலாம்."

எல்லாருக்கும் பேசினாள். இன்னும் மூன்று பேர் மருந்தை நிறுத்தியிருந்தார்கள். அவர்களுக்குப் பார்வை போகாமல் தப்பியிருந்தது. பிறகு மூன்று நாள் உட்கார்ந்து, இருநூறு பெயர்களைத் தேடிப் பார்த்துக் குறிப்பைத் திருப்பி எழுதினாள். நான்காவது கட்டத்தில் இப்போது இப்படி இருந்தது: 'எதுவும் கிடைக்காவிட்டால், ஆள் பதிவில் இல்லை என்று பொருள் அல்ல. வேறு எழுத்துகளில் தேடவும். நோயாளி அட்டை எண்ணையும் போன் எண்ணையும் கேட்கவும். அப்போதும் கிடைக்காவிட்டால் அலுவலக ஊழியரிடம் ஒப்படைக்கவும். வர வேண்டாம் என்று யாரிடமும் சொல்லக் கூடாது.'

ஞாயிற்றுக்கிழமை வடிவாம்பாள் வீட்டுக்குப் போனாள். தறிக்குப் பக்கத்தில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். வடிவாம்பாள் நாடாவை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"அன்னைக்கு ஆஸ்பத்திரியில மெஷின் உளறிடும்னு சொன்னியே, அப்பவே உனக்குத் தெரியுமா?"

"தெரியும்மா."

"நான் உன்னைத் தேத்திட்டு வந்தேனே."

அவர் மறுபடி தறிப் பக்கம் திரும்பிக்கொண்டார். பஞ்சாட்சரம்தான் அடுத்து எப்போது வர வேண்டும் என்று கேட்டு, தேதியைக் காலண்டரில் குறித்துக்கொண்டார்.

அந்தத் தேதியில் இருவரும் வந்தார்கள். குழலி உட்கார்ந்திருந்த கவுண்டருக்கு முன்னால் வரிசையே இல்லை. வடிவாம்பாள் அவளைப் பார்த்தார். பிறகு பக்கத்துக் கவுண்டரில் நின்ற வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டார்.