அளவுக்கு மேல் ரத்தம்

அவளுடைய அண்ணன் வீசிய கண்ணாடிக் குவளை சுவரில் மோதிச் சிதறியது. அதே வேகத்தில் பாய்ந்து, அவள் கணவனின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துப் பீரோவோடு சேர்த்து மோதினான். கூடத்தின் நடுவே அப்பாவின் உடல் கிடந்தது. இன்னும் சூடுகூட ஆறவில்லை.

"சொல்லுடா! ஆஸ்பத்திரியில ஸ்கேன் எடுக்குறவன் நீதானே? அப்பா கிட்னியில ரத்த ஓட்டம் ஜாஸ்தின்னு உன் வாயாலதானே சொன்ன?"

"சொன்னேன் மச்சான். சக்கர வியாதிக்காரங்களுக்கு ஜாஸ்தியா ஓடுறதே ஆபத்து, கிட்னி கெட ஆரம்பிக்குதுன்னும் சொன்னேன். நீங்க ரெண்டு பேரும் காதுல வாங்குனீங்களா?"

எங்கே வாங்கினார்கள்! அப்பாவும் அண்ணனும் கறிக்கடைக்காரர்கள். ரத்தம் ஊறிச் செக்கச்செவேல் என்று இருந்தால் நல்ல கிட்னி, அவ்வளவுதான் அவர்கள் கணக்கு. கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் அப்பா, "எனக்கு இளவட்டத்துக் கிட்னியாம்ல!" என்று மார்தட்டினார். அதன் பிறகு மாத்திரையைத் தொடவே இல்லை. சின்னச் சின்ன ரத்தக் குழாய்கள் ஒவ்வொன்றாகக் கெட்டுக்கொண்டே வந்தன. முதலில் கண் மங்கியது, பிறகு கால் மரத்தது. கத்தி நழுவிப் பாதத்தில் விழுந்தபோதுகூட அவருக்கு உறைக்கவில்லை. தரையில் கிடந்ததை ஆட்டு ரத்தம் என்று நினைத்துத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டார். கால் அழுகியது. கடைசியில் அந்த இளவட்டத்துக் கிட்னியும் நின்றுபோனது.

அண்ணனுக்கும் சர்க்கரை உண்டு. ஒரே ஒரு தடவை டெஸ்ட் எடுத்துக்கொள் என்று அவள் கெஞ்சாத நாளில்லை. "போடி, கல்லு மாதிரி இருக்கேன்" என்பான். வீம்பு விஷயத்தில் மட்டும் அப்பனுக்கும் மகனுக்கும் பங்குச் சண்டையே கிடையாது. அப்பாவைப் பறிகொடுத்தாயிற்று, இவனையும் வாரிக்கொடுக்க அவளுக்குத் தெம்பில்லை.

அண்ணனின் கை கணவன் கன்னத்தில் இறங்கியது. அடுத்த அடிக்கு அவள் குறுக்கே பாய்ந்தாள். தோளில் விழுந்த அடியில் கண் இருண்டது.

"அடி! என்னையும் கொன்னு அப்பா பக்கத்துலயே போடு! ஆனா நாளைக்கு டெஸ்டுக்கு வந்துரு!"

"சாவு வீட்டுல பேசுற பேச்சாடி இது?" அவளைத் தள்ளிவிட்டான்.

"பொணத்த வெச்சுக்கிட்டு ஏன்டா இப்படி அடிச்சுக்கிட்டுச் சாகுறீங்க?" அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

அண்ணன் மூச்சு வாங்கக் கூடத்தில் அங்கும் இங்கும் நடந்தான். அப்பாவின் தலைமாட்டில் சட்டென்று நின்று தரையைப் பார்த்தான்.

"எவன்டா கடைச் செருப்போட உள்ள வந்தது? வீடு பூரா ஆட்டு ரத்தம்!"

செருப்புகள் எல்லாம் வாசலுக்கு வெளியேதான் கிடந்தன. ரத்தத் தடம் சுவரோரத்துக் கண்ணாடிச் சில்லுகளில் தொடங்கி, அப்பாவைச் சுற்றி வந்து, அண்ணனின் வெறுங்காலில் முடிந்தது.

அவள் அவன் காலடியில் உட்கார்ந்தாள். குதிகாலின் ஓரத்தில் குத்தி நின்ற சில்லை இரண்டு விரலால் பிடித்து இழுத்தாள். அவன் குனிந்துகூடப் பார்க்கவில்லை, வாசலைப் பார்த்தே திட்டிக்கொண்டிருந்தான்.