கோள்சொல்லி

மருந்துக்கடைக்காரர் கடிதத்தை இரண்டாவது முறை படித்து முடித்தபோது, காத்திருப்பு அறையில் இருந்த ஏழு பேரில் ஒருவர்கூட அவர் முகத்தைப் பார்க்கவில்லை. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மூன்றே வரி. "ரயிலைக் காப்பாற்றுகிறோம் என்று கையெழுத்து வாங்குகிறவர்கள் அதில் ஏறுகிறவர்களைப் பற்றி நினைக்கவில்லை. என்ஜின் பாய்லர் சரியில்லை. யாராவது சாவதற்குள் வந்து சோதித்துப் பாருங்கள்." கீழே பெயர் இல்லை. ரயில்வே தலைமை அலுவலகம் அதைப் பிரதி எடுத்து, விளக்கம் கேட்டு, எங்கள் குழுவின் செயலாளரான மருந்துக்கடைக்காரருக்கே அனுப்பியிருந்தது.

"கம்ப்யூட்டர்ல அடிச்சிருக்கு. கையெழுத்தை வெச்சுக் கண்டுபிடிக்க வழியில்ல," என்றார் அவர். பிறகு கண்ணாடியைக் கழற்றி மடித்தார். "ஆனா ஒண்ணு. நம்மகூட உக்காந்து டீ குடிக்கிற ஆளுதான் இது."

எல்லோரும் கையிலிருந்த டீயைப் பார்த்தோம்.

எங்கள் லைன் பதினான்கு கிலோமீட்டர். தண்டவாளத்துக்குத் தண்டவாளம் இரண்டடிதான் அகலம். மலைமேல் கல் வெட்டிய காலத்தில் கல் இறக்கப் போட்டது. கல் தீர்ந்தபின் வேடிக்கை பார்க்க வருகிறவர்களை ஏற்றி ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ஓடுகிறது. அதையும் மூடப்போவதாகப் போன வருடம் அறிவித்தார்கள். குழு கிளம்பியது, கையெழுத்து வாங்கியது, அலுவலக வாசலில் நின்றது, பத்திரிகைக்காரர்களைக் கூட்டிவந்தது. கடைசியில் ஒரு நிபந்தனையோடு இறங்கிவந்தார்கள். இந்த முறை பாய்லர் சோதனையில் தேறினால் இன்னும் மூன்று வருடம்; தேறாவிட்டால் தண்டவாளத்தைப் பெயர்த்துவிடுவார்கள். இருப்பது ஒரே என்ஜின். குள்ளி என்று கூப்பிடுவோம். இருபத்தாறு வருடமாக நான்தான் அவளுடைய டிரைவர்.

கல்யாணம் காட்சி என்று எதுவும் எனக்கு அமையவில்லை. ஸ்டேஷனுக்குப் பின்னால் தங்கச்சி வீடு. மதியச் சாப்பாடு அங்கே. டிக்கெட் கவுண்டரில் உட்காருகிறவள் அவள்தான். அவள் கணவர் ஷெட்டில் ஃபிட்டர். "மாப்ள கை பட்டா போதும், எனக்கு வேற சர்டிபிகேட் வேணாம்" என்று ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருந்தேன்.

அந்தக் கடிதத்துக்குப் பிறகு என் மூளைக்குள் ஒரு நாற்காலி போட்டு ஒருவன் உட்கார்ந்துகொண்டான். யாரைப் பார்த்தாலும், ஏன் இப்படிச் சிரிக்கிறான் என்று கேட்டான். கேமராக்காரர் எங்களோடு சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகிறது. அவ்வளவு படம் எடுக்கிறாரே, யாருக்கு? மருந்துக்கடைக்காரரின் தம்பி மலைக்குப் பஸ் விடுகிறார். ரயில் நின்றால் பஸ் நிறையும். எங்கள் ரயிலின் கார்டு வேறு ஊருக்கு மாற்றல் கேட்டு மனுப் போட்டிருக்கிறார். லைன் மூடினால் தானாகவே கிடைக்கும். எல்லோருக்கும் ஒரு காரணம் இருந்தது. தேடிப்போனால் காரணம் இல்லாத மனிதன் கிடைப்பதில்லை.

நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். ஆளுக்கொரு பொய்; எது அடுத்த கடிதத்தில் வருகிறதோ, அதைக் கேட்டவர்தான் ஆள். மருந்துக்கடைக்காரரிடம், பிரேக் குழாயில் காற்று கசிகிறது என்றேன். கேமராக்காரரிடம், பின் அச்சில் விரிசல் இருக்குமோ என்று சந்தேகம் என்றேன். கார்டிடம், ஒரு பெட்டியின் கொக்கி தேய்ந்துவிட்டது என்றேன். மூன்று பேரும் ஒரே மாதிரிதான் உச்சுக்கொட்டினார்கள். ஃபிட்டரிடம் எதுவும் சொல்லவில்லை. குள்ளியின் எலும்பையெல்லாம் அறிந்த மனிதரிடம் எந்தப் பொய் எடுபடும்?

தங்கச்சியை விட்டிருக்கலாம். ஆனால் ஒரு வேலையைச் செய்தால் முழுதாகச் செய்ய வேண்டும் என்று நாற்காலிக்காரன் சொன்னான். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது போகிற போக்கில் போட்டுவைத்தேன். "பாய்லர்ல எவ்வளவு தண்ணி இருக்குன்னு காட்டுற கண்ணாடிக் குழாய் இருக்கே, அது பொய் சொல்லுது. எனக்கே தண்ணி காட்டுது."

அவள் சிரிக்கவில்லை. தட்டில் இன்னும் ஒரு கரண்டி சோறு வைத்தாள்.

அதற்குப் பதினோராம் நாள், செவ்வாய்க்கிழமை, இரண்டாவது கடிதத்தின் பிரதி வந்தது. மருந்துக்கடைக்காரர் போனிலேயே படித்துக் காட்டினார். "தண்ணீர் அளவு காட்டும் கண்ணாடியும் தவறாகக் காட்டுகிறது. இதற்கு மேலும் காத்திருக்காதீர்கள்." சோதனையை இந்த வெள்ளிக்கிழமைக்கே முன்கூட்டி வைத்துவிட்டார்கள்.

போனை வைத்த பிறகும் கொஞ்ச நேரம் காதில் கை வைத்தபடி நின்றேன். மூன்று பேர்மேல் சுமத்தி வைத்திருந்ததையெல்லாம் இறக்கி எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

கவுண்டருக்குள் அவள் ஞாயிற்றுக்கிழமை டிக்கெட்டுகளில் தேதி முத்திரை குத்திக்கொண்டிருந்தாள். டக், டக் என்று ஒரே சீரான சத்தம். கதவைச் சாத்தினேன்.

"கண்ணாடிக் குழாய் நல்லாத்தான் இருக்கு," என்றேன்.

முத்திரை பாதியில் நின்றது. "அப்போ என்கிட்ட பொய்யா சொன்ன?"

"நீதான் எழுதினியா?"

"என்னையுமா சந்தேகப்பட்ட?"

"லிஸ்ட்ல கடைசியா."

"கடைசியா இருந்தாலும் லிஸ்ட்லதானே இருந்தேன்."

அழுவாள் என்று நினைத்தேன். அவள் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு மாத்திரை டப்பாவை எடுத்துத் தள்ளினாள். திறந்தேன். ஆணித் தலைகள். வெட்டியெடுத்த, உடம்பில்லாத, பொட்டு மாதிரி சின்னச் சின்னத் தலைகள்.

"அவரோட பேண்ட்டைத் துவைக்கும்போது பாக்கெட்ல கிடைச்சது. கேட்டேன். 'வேலைச் சாமான்'னாரு. தலை மட்டும் இங்க இருக்கு, ஆணி எங்க போச்சு? அன்னிக்கு அவருக்குச் சாப்பாடு கொண்டுபோற மாதிரி ஷெட்டுக்குப் போனேன். குள்ளியோட தகரத்தைக் கழட்டி வெச்சு, உள்ள என்னமோ அடிச்சிட்டிருந்தாரு. என்னைப் பார்த்ததும் துணியை எடுத்து மூடினாரு. பதினெட்டு வருஷத்துல அவர் என்னைப் பார்த்து எதையும் மூடினதில்ல."

அவள் சொல்லி முடிப்பதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது.

குள்ளியின் நெருப்புப் பெட்டிக்கு இரண்டு சுவர்கள், நடுவில் தண்ணீர். இரண்டு சுவர்களையும் விலகவிடாமல் பிடித்துக்கொண்டிருப்பவை இருநூறு போல்ட்கள். ஒவ்வொரு போல்ட்டின் தலையிலும் ஊசி நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை உண்டு. உள்ளே போல்ட் முறிந்தால் அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் வெளியே கசிந்து காட்டிக்கொடுக்கும். ஷெட்டில் அதற்குப் பெயரே கோள்சொல்லி. அதன் வாயில் ஆணியை அடித்துத் தலையை வெட்டி, கறுப்பு பெயிண்ட் தடவிவிட்டால் எந்தக் கோளும் வெளியே வராது. மேலே தகர உறையை மாட்டிவிட்டால், அதை ஒட்டி முழங்காலை வைத்து உட்கார்ந்திருக்கும் டிரைவருக்கும் தெரியாது.

"என்கிட்டயே சொல்லியிருக்கலாமே," என்றேன்.

"சொன்னா நீ நேரா போய் அவர் சட்டையைப் பிடிப்ப. அவருக்கு வேலை போகும். அப்புறம் ரெண்டு பேருக்கும் நடுவுல நான் எந்த வீட்ல நிக்கிறது?" அவள் முத்திரையைக் கையில் எடுத்து, குத்தாமல் திரும்ப வைத்தாள். "ரயிலை மூடட்டும்னு நான் எழுதலண்ணா. நீ அது முன்னாடி உக்காந்திருக்க. அதுக்குத்தான் எழுதினேன்."

டப்பாவை அவளிடமே விட்டுவிட்டு ஷெட்டுக்குப் போனேன். யாரும் இல்லை. நெருப்பில்லாத குள்ளி வயிறு காலியாக நின்றாள். தகரத்தின் நான்கு திருகுகளைக் கழற்றினேன். சின்னச் சுத்தியலால் ஒவ்வொரு போல்ட்டாகத் தட்டினேன். நல்ல போல்ட் மணி மாதிரிக் கணீரென்றது. முறிந்தது தொண்டை கட்டினவன் குரலில் பேசியது. பேனாக்கத்தியால் அந்தத் தலைகளைச் சுரண்டினேன். பெயிண்ட் உரிந்து ஆணி மின்னியது.

பின்னால் காலடிச் சத்தம். திரும்பிப் பார்க்கவில்லை.

"எத்தனை?" என்றேன்.

"பதினொண்ணு," என்றார் ஃபிட்டர்.

"பக்கத்துப் பக்கத்துலயா?"

"ஏழு."

ஒன்று முறிந்தால் அதன் பாரம் பக்கத்துப் போல்ட்டுக்குப் போகும். ஏழு சேர்ந்து முறிந்தால் எட்டாவது எப்போது போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. அது போனால் நெருப்புப் பெட்டியே கிழியும். பின்னால் நான்கு பெட்டிகளில் நூறு பேர்.

"எப்போலேருந்துடா?" பதினெட்டு வருடத்தில் முதல் முறையாக மாப்பிள்ளையை 'டா' போட்டுக் கேட்டேன்.

"மழைக்கு முன்னாடி." அவர் வாசலிலேயே நின்றார். "போல்ட் மாத்தணும்னா நாலு மாசம் நிறுத்தணும் மச்சான். நிறுத்தினா திரும்ப ஓட விடுவாங்களா? நீங்களே சொல்லுங்க. எப்படா நிக்கும்னு பார்த்துட்டிருக்காங்க. சோதனை மட்டும் தாண்டிட்டா, அப்புறம் நானே சத்தமில்லாம ஒண்ணொண்ணா மாத்தியிருப்பேன்."

"அதுவரைக்கும் நான்?"

"நானும்தானே கூட வந்தேன்."

உண்மைதான். மழைக்கு முன்பிருந்தே, வேலை இல்லாவிட்டாலும், ஞாயிற்றுக்கிழமைதோறும் அவர் என்ஜினில் ஏறிக்கொண்டார். நெருப்புப் பெட்டியை ஒட்டி, எனக்கு எதிரில் நின்றபடி வந்தார். நான் அதைப் பாசம் என்று எடுத்துக்கொண்டிருந்தேன். இப்போது யோசித்தால், அது என்ன என்று சொல்லத் தெரியவில்லை. போனால் சேர்ந்தே போவோம் என்று வந்தாரா, ஓட்டையில் கசிகிறதா என்று காவல் காக்க வந்தாரா?

"யார் சொன்னா உங்களுக்கு?" என்றார்.

"சுத்தியல் சொல்லிச்சு."

என் கையிலிருந்த சுத்தியலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நம்பவில்லை.

புதனும் வியாழனும் இருவரும் சேர்ந்து பதினோரு ஆணிகளையும் பிடுங்கினோம். அவர் பிடுங்கினார், நான் பக்கத்தில் நின்றேன். உதவிக்கு நின்றேன் என்று சொல்லிக்கொள்ளலாம். பதினொன்றையும் பிடுங்குகிறாரா என்று எண்ணத்தான் நின்றேன்.

வெள்ளிக்கிழமை வந்த பாய்லர் இன்ஸ்பெக்டர் ஓர் அம்மாள். மருந்துக்கடைக்காரர் கொடுக்கவந்த டீயைக் கையால் மறுத்துவிட்டு நேராகக் குள்ளியிடம் போனார். பாய்லர் நிறையத் தண்ணீர் ஏற்றி, கைப்பம்பால் அழுத்தம் கூட்டினோம். அழுத்தம் காட்டும் முள் ஏற ஏற, அந்தப் பதினோரு ஓட்டைகளிலிருந்தும் நூல் மாதிரித் தண்ணீர் பீய்ச்சியது. குழுவில் யாரோ "ஐயோ" என்றார்கள். அந்த அம்மாள் சாக்பீஸால் வட்டம் போட்டபடியே வந்தார். பதினோராவது வட்டத்தில் நின்று, ஓட்டையின் வாயில் விரல்நகத்தை வைத்துப் பார்த்தார்.

"இந்தப் பதினோரு வாய் மட்டும் புதுசா மின்னுதே?"

ஃபிட்டர் பம்பின் பிடியை விடாமல் நின்றார்.

"நேத்துதான் சுத்தம் பண்ணினோம் மேடம்," என்றேன்.

"யாரு?"

"நாங்கதான்."

அவர் என்னை ஒருமுறை, ஃபிட்டரை இரண்டு முறை பார்த்தார். "இது அடைச்சிருந்து நானா கண்டுபிடிச்சிருந்தா, இன்னிக்கே லைனை மூடச் சொல்லி எழுதியிருப்பேன்." பிறகு குனிந்து எழுதினார். போல்ட்கள் மாற்றப்படும்வரை ஓட்டக் கூடாது, மாற்றியபின் மறுசோதனை. 'தகுதியற்றது' என்ற கட்டத்தில் அவர் பேனா வைக்கவில்லை. தலைகீழாகப் படித்து நான் தெரிந்துகொண்டது அவ்வளவுதான். நான்கு மாதம் அவகாசம் தருவார்களா என்பது தலைமை அலுவலகத்தின் கையில்.

சனிக்கிழமைக் கூட்டத்தில் யாரும் என் பக்கத்து நாற்காலியில் உட்காரவில்லை.

"சுத்தம் பண்ணினாராம்," என்றார் கார்டு, சுவரைப் பார்த்து. "வருஷக்கணக்கா தொடாத ஓட்டையை, இன்ஸ்பெக்டர் வர்றதுக்கு முந்தின நாள்."

"ரெண்டு லெட்டரும் இப்ப புரியுது," என்றார் மருந்துக்கடைக்காரர். "கண்ணாடிக் குழாய் விஷயமெல்லாம் டிரைவரைத் தவிர வேற யாருக்குத் தெரியும்? எங்ககிட்ட ஆளுக்கு ஒண்ணா ஏதோ சொல்லி வெச்சிருக்காரு, கேட்டுப் பாருங்க."

கேட்டுப் பார்த்தார்கள். பிரேக் குழாய், அச்சு, கொக்கி எல்லாம் மேசைக்கு வந்தன. என் பொய்கள் ஒவ்வொன்றாக என்னையே அடையாளம் காட்டின. கதவருகே கூட்டக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்த தங்கச்சியின் பேனா நின்றுவிட்டது. அவள் எழுந்திருக்கப் போகிறாள் என்று தெரிந்தது.

"நான்தான் எழுதினேன்," என்றேன். "இப்போ போல்ட் வாங்குற வழியைப் பேசுவோமா?"

ஃபிட்டர் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் திரும்பி, கதவருகே இருந்த தன் மனைவியைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

மறுநாள் ஞாயிறு. ரயில் இல்லை என்று பலகை மாட்டியும் பதினைந்து இருபது பேர் வந்து நின்றார்கள். கேமராக்காரர்தான் தள்ளுவண்டியை நினைவுபடுத்தினார். தண்டவாளத்தைச் சோதிக்கப் போகிறவர்கள் தள்ளிக்கொண்டு போகும் பலகை வண்டி. முதல் நிறுத்தம்வரை ஒரு தடவைக்கு நான்கு பேரைக் கூட்டிப்போகலாம். லைன் மூடிக்கிடக்கவில்லை என்றாவது இருக்கும். தள்ளத்தான் ஆள் வேண்டும். யாரும் முன்வரவில்லை. இடது பக்கம் நான் பிடித்தேன். வலது பக்கம் ஃபிட்டர் வந்து நின்றார்.

தங்கச்சி கவுண்டரைத் திறந்து நான்கு டிக்கெட் கிழித்தாள். கிழித்தவள் எங்கள் இருவரில் யாரையும் பார்க்கவில்லை.

வளைவு தாண்டியதும் ஏற்றம். இரண்டு பேரும் குனிந்து, ஒரே அடியில் கால் வைத்துத் தள்ளினோம். முன்னால் ஒரு வயதான தம்பதியும் அவர்களின் மகளும் மருமகனும் கால்களைத் தொங்கவிட்டுப் பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"லெட்டர் எழுதினது யாருன்னு எனக்குத் தெரியும் மச்சான்," என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி.

"நேத்தே சொன்னேனே."

"நீங்க ஏன் சொன்னீங்கன்னும் தெரியும்."

வீட்டில் என்ன பேசினார், பேசினாரா, இனிமேல்தான் பேசப்போகிறாரா என்று முகத்தில் எதுவும் இல்லை. கன்னத்தில் வியர்வை இறங்கியது. வண்டி என் பக்கம் கனத்தது. அவர் உண்மையிலேயே தள்ளுகிறாரா, கையைச் சும்மா வைத்துக்கொண்டு வருகிறாரா என்று எனக்குள் கேள்வி எழுந்தது. பார்த்துவிடலாம் என்று என் கையின் அழுத்தத்தைக் கொஞ்சம் தளர்த்தினேன்.

வண்டி தயங்கி நின்றேவிட்டது. பெரியவரின் மனைவி சட்டென்று திரும்பிப் பார்த்தார். அவர் எங்கள் கைகளைத்தான் பார்க்கிறார் என்பது புரிய எனக்கு ஒரு கணம் ஆயிற்று. ஃபிட்டரின் இரண்டு உள்ளங்கைகளும் மரத்திலிருந்து அரை அங்குலம் விலகி, காற்றில் நின்றன. கொஞ்சம் தளர்த்திய என் கைகளும் அப்படியே விலகியிருந்தன. வண்டி பின்பக்கமாக எங்களை நோக்கி நகரத் தொடங்கியது. இருவரும் ஒரே நேரத்தில் தோளைக் கொடுத்தோம்.