வால்கொழுப்பு ஊட்டிய நாள்

பித்தப்பையில் கல் இருக்கிறது என்று தெரிந்த நாளிலிருந்து எனக்குள் ஓர் ஆறு ஓடத் தொடங்கியது. படுத்தால் அதன் சத்தம் கேட்கும். அடியில் கூழாங்கற்கள் மெதுவாக உருளும். நான் வலப்பக்கம் திரும்பினால் அவையும் கூடவே திரும்பும். இதை என் கணவர் துசேனிடம் சொன்னேன்.

"ஸ்கேன்ல கல்லு மட்டும்தானே தெரிஞ்சுது ரபிகா. ஆத்தை எங்க ஒளிச்சு வச்ச?" என்றார்.

இந்த மனிதரிடம் எதையாவது சொன்னேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும்.

பெரிய ஆஸ்பத்திரியில் அறுவைச் சிகிச்சைக்குப் பெயர் பதிந்தாயிற்று. முறை வரும்போது கூப்பிடுவார்கள். அதுவரை கொழுப்பு கூடாது, எண்ணெய் கூடாது, வறுத்தது பொரித்தது எதையும் தொடக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டாள். அவளும் கசாக்குப் பெண்தான். எங்கள் சமையலில் இருந்து கொழுப்பை எடுத்துவிட்டால் மிஞ்சுவது தேநீர் மட்டும் என்று அவளுக்குத் தெரியாதா? அதிலும் பாலேடு மிதக்கும். வேகவைத்த பூசணியும் உப்பில்லாக் கஞ்சியுமாக நான் நாளைத் தள்ளினேன். அக்கம்பக்கத்தார் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். ஒருத்தி பீட்ரூட் சாறு குடிக்கச் சொன்னாள், இன்னொருத்தி குதிரைப்பால் குடித்தால் கல் தானாகக் கரையும் என்றாள். எல்லோருக்கும் தலையாட்டினேன். தலையாட்டினால் வலிக்காது.

நான் ரயில் நிலையத்தில் அறிவிப்பு சொல்கிறவள். பனி உருகிக்கொண்டிருந்த மாதம் அது. கண்ணாடிக்கு வெளியே புல்வெளி ஈரமாக, எல்லையில்லாமல் கிடந்தது. பசியும் மாத்திரையும் சேர்ந்து எனக்கு எதுவும் தரையில் நிற்பதாகவே தோன்றவில்லை. சரக்கு ரயில்கள் சத்தமே இல்லாமல் மிதந்து போயின. என் குரல் ஒலிபெருக்கியில் இருந்து கிளம்பி, தூரத்தில் மேயும் ஒட்டகங்கள் வரை போய்த் திரும்பி வந்தது. சில சமயம் வாக்கியத்தின் நடுவில் வலி வந்துவிடும். "இரண்டாவது நடைமேடைக்கு..." என்று சொல்லி மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். கீழே சனங்கள் மூட்டையோடு அண்ணாந்து பார்த்துக்கொண்டே நிற்பார்கள். எது வரப் போகிறது என்று எனக்கும் அந்த நேரத்தில் தெரியாது.

இந்த நிலைமையில்தான் மகள் தோர்கினைப் பெண் கேட்டு வந்தார்கள். பையன் எராசில் நல்லவன். அப்பா இல்லை. அம்மா ஸிலிகா பக்கத்து மாவட்டத்துக்காரி. அவளை நான் ஒரே ஒரு முறை பார்த்திருந்தேன். வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள், உரக்கப் பேசினாள். எனக்குப் பிடிக்கவில்லை என்று சொல்ல முடியாது, பயமாக இருந்தது.

நிச்சயம் செய்ய நாள் குறித்தார்கள். ஆஸ்பத்திரியில் இருந்து அழைப்பு வரவில்லை.

நிச்சயம் என்றால் எங்களுக்கு மோதிரமும் பேச்சும் போதாது. ஆட்டின் வால்கொழுப்பையும் ஈரலையும் வேகவைத்து, மெல்லிசாக நறுக்கி, மேலே மோர் ஊற்றித் தட்டில் வைப்பார்கள். இரண்டு வீட்டுப் பெற்றோரும் ஒருவருக்கொருவர் கையால் ஊட்ட வேண்டும். சாப்பிட்டுவிட்டால் சம்பந்திகள். அதற்குப் பிறகு வார்த்தை மாறினால் அது சத்தியத்தை மீறியது. வாயை மூடிக்கொண்டால் பெண் கொடுக்க மனமில்லை என்று அர்த்தம்.

"உடம்பு சரியில்லைன்னு சொல்லிடலாம்மா" என்றாள் தோர்கின்.

"சொன்னா? அம்மாக்காரி சீக்காளி, பொண்ணு எப்படி இருப்பாளோன்னு ஊர் பூரா பேசும்."

"அப்ப தள்ளி வைப்போம்."

"எதுவரைக்கும்? ஆஸ்பத்திரிக்காரன் எப்பக் கூப்பிடுவான்னு அவனுக்கே தெரியல."

அவள் சட்டைக் கையை மடித்துக்கொண்டாள். பிறகு சமையலறைக்குப் போய் ஓர் உருளைக்கிழங்கை வேகவைத்தாள். சின்னக் கத்தியால் மெல்லிசு மெல்லிசாகச் சீவி, மோரில் நனைத்துத் தட்டில் வைத்துக் காட்டினாள். வெள்ளையாக, பளபளவென்று, அசல் வால்கொழுப்பு. துசேன் தட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "நானே ஏமாந்துடுவேன்" என்றார். அவர் ஏமாறுவதெல்லாம் ஒரு பெரிய விஷயமா என்று மனதில் நினைத்துக்கொண்டேன். ஆனாலும் சம்மதித்தேன்.

நிச்சயத்தன்று காலை வலி வரப் பார்த்தது. ஊசி போட்டுக்கொண்டேன். அதனால் அந்த விருந்து முழுவதையும் தண்ணீருக்கு அடியில் இருந்து பார்த்தது போலத்தான் நினைவிருக்கிறது. சிவப்புக் கம்பளம் சுவரில் அசைந்தது. யாரோ தோம்ப்ரா வாசித்தார்கள். அதன் இரண்டு கம்பிகளும் என் விலாவுக்குள் கட்டியிருந்தன. தேநீர்க் கிண்ணங்கள் கை மாறி மாறி என்னை நோக்கி வந்து, வந்து சேராமலே இருந்தன.

துசேன் ஒரு பக்கம் அசல் கொழுப்பும் மறுபக்கம் கிழங்குமாகத் தட்டோடு வந்தார். கிழங்கு இருந்த பக்கத்தை ஸிலிகாவின் பக்கம் திருப்பினார். அவள் விரல்கள் தட்டில் இறங்கி ஒரு கணம் நின்றன. பிறகு ஒரு துண்டு ஈரலையும் இரண்டு வெள்ளைத் துண்டுகளையும் சேர்த்து எடுத்தாள்.

"வாயைத் திறங்க சம்பந்தி! நல்லாத் திறங்க! எங்க வீட்டுக்கு வர்ற பொண்ணுக்கு மனசு உங்களை மாதிரி இருக்கட்டும், வாய் மட்டும் இதைவிடப் பெரிசா இருக்கட்டும்!"

எல்லோரும் சிரித்தார்கள். வாயில் மோரின் புளிப்பும் மாவுமாக ஏதோ கரைந்தது. நானும் அவளுக்கு அசல் கொழுப்பை ஊட்டினேன். என் விரலையும் சேர்த்துச் சப்பிவிட்டு, "ஆச்சு! சம்பந்தம் ஆச்சு!" என்று கத்தினாள். கூட்டம் பாட ஆரம்பித்தது.

அவ்வளவுதான், முடிந்தது. நான் நிம்மதியாகச் சாய்ந்து கண்ணை மூடியிருக்க வேண்டும். மூடினேன். மூடினால் தோர்கினின் வீடு தெரிந்தது. சுவர், உத்தரம், தொட்டில் எல்லாமே வெந்த கிழங்கு. மழை பெய்தது. அவள் கையில் குழந்தையோடு நின்று, "அம்மா, இது கரையுதும்மா" என்றாள். கண்ணைத் திறந்தேன். தட்டு என் முன்னால்தான் இருந்தது. பெற்ற மகளின் வாழ்க்கைக்கு நான் போட்ட சத்தியம் பொய் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. பாடுவதில் எல்லோரும் மெய்மறந்திருந்தார்கள். அசல் வால்கொழுப்பில் ஒன்றை எடுத்து விழுங்கினேன். ஒன்று போதுமா என்று தெரியவில்லை. கிழங்கு இரண்டு துண்டு ஆயிற்றே. இன்னும் இரண்டு விழுங்கினேன்.

வாய்விட்டுச் சொல்கிறேன், அமுதமாக இருந்தது.

விருந்தாளிகள் கிளம்பி வண்டிகள் தெருமுனை திரும்பும்வரை சிரித்துக்கொண்டே கையசைத்தேன். அப்புறம் வாசல்படியிலேயே மடங்கி விழுந்தேன். ஆறு கரையை உடைத்துக்கொண்டு வந்தது. மூன்று துண்டு கொழுப்பு விழுங்கியதைத் துசேனிடம் உளறினேன். ஆம்புலன்ஸ் புல்வெளிக்கு நடுவே ஓடியது, சூரியன் ஜன்னலோடு ஒட்டிக்கொண்டு கூடவே வந்தது. அது என் கல்தான், எடுத்து வெளியே வைத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். இன்னும் எடுக்கவில்லை. முறையாவது மண்ணாவது, உடனே அறுக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

விழித்தபோது உள்ளே சத்தமே இல்லை. தொண்டை வறண்டு போயிருந்தது. கட்டில் பக்கத்தில் துசேன் என்று நினைத்துப் பார்த்தால் ஸிலிகா. தலைத்துணி கலைந்திருந்தது. முகம் சிவந்திருந்தது. தோர்கின் கதவோரம் நின்றாள்.

"உன் வீட்டுக்காரர் எல்லாத்தையும் சொல்லிட்டார்" என்றாள் ஸிலிகா.

எல்லாம் முடிந்தது, என் மகளின் கல்யாணத்தை என் வயிறே கெடுத்துவிட்டது என்று நினைத்தேன்.

"கிழங்குன்னு தொட்டதுமே எனக்குத் தெரியும்" என்றாள். "கொழுப்புன்னா வழுக்கும். இது வழுக்கல. உன் முகத்தைப் பார்த்தேன், சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்துச்சு. இந்தப் பொம்பளைக்கு உடம்புக்கு ஏதோ இருக்கு, சொல்ல வெட்கப்படுறான்னு புரிஞ்சுது. அதனாலதான் அந்தக் கிழங்கையே தேடி எடுத்து ஊட்டுனேன். யாரும் உத்துப் பார்க்கக் கூடாதுன்னுதான் அப்படிக் கத்துனேன். அப்புறம் எதுக்கு நீ மறுபடியும் தின்ன?"

"சத்தியம் பொய்யாயிடுமேன்னு..."

"ஊட்டுனது யாரு? நான்! என் கையால! அதை நீ நம்பல. கொழுப்பைப் போய் நம்புன."

அவள் குரல் உடைந்துவிட்டது. அவ்வளவு பெரிய பெண்பிள்ளை, தலைத்துணியின் நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். இத்தனை நாளும் இவளை எப்படி ஏமாற்றுவது என்று யோசித்தேனே ஒழிய, இவளுக்கும் மனசு நோகும் என்று ஒரு தடவைகூட எனக்குத் தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது. அடிவயிறு வரை வெட்கமாக இருந்தது.

"கிழங்கு சீவுனது நான்தான் அத்தை" என்றாள் தோர்கின் கதவோரத்தில் இருந்து. "அம்மா மேல கோபப்படாதீங்க."

"தெரியும். அத்தனை மெல்லிசாச் சீவத் தெரிஞ்ச மருமகளை எவ விடுவா? கல்யாணத் தேதியெல்லாம் மாறாது. உன்கிட்ட எனக்கு ஒரு கோபமும் இல்ல."

அப்போதும் என்னைப் பார்க்கவில்லை.

கையை நீட்டி அவள் கையைப் பிடித்து இழுத்து, என் கன்னத்துக்கு அடியில் வைத்துக்கொண்டேன். கனமான கை, சூடாக இருந்தது. அவள் இழுத்துக்கொள்ளவில்லை.

"சரி, தூங்கு" என்றாள், ஜன்னலைப் பார்த்தபடியே.

ஊசி என்னைக் கீழே கீழே அழுத்தியது. ஆனால் நான் தூங்கவில்லை. தூங்கிவிட்டேன் என்று நினைத்துக் கையை எடுத்துக்கொண்டு போய்விடுவாளோ என்று, கண்ணை அகலத் திறந்து வைத்துக்கொண்டு கிடந்தேன்.