ஏழு கிலோவுக்குப் படிந்த பேரம்

இரண்டு சிறுநீரகங்களின் விலை பத்துக் கிலோ கொழுப்பு என்றார் டாக்டர் ஹான். விலை என்ற சொல் காதில் விழுந்ததும் சதாசிவத்துக்கு வியாதி மறந்துபோயிற்று. காரைக்குடியிலிருந்து வந்து, சைகோன் தையல் ஆலைகளுக்குப் பல வருஷமாகப் பட்டனும் ஜிப்பும் விற்கிறவர் அவர். சொன்ன விலைக்கு எதையும் வாங்கியதில்லை.

கல்லீரலில் கொழுப்பு என்பது பழைய செய்தி. அவர் வட்டாரத்தில் அது இல்லாதவனுக்கு வியாபாரம் படுத்துவிட்டது என்று அர்த்தம். இந்த முறை சிறுநீரில் புரதமும் கசிந்திருந்தது. கல்லீரல் கொழுத்ததற்குச் சிறுநீரகம் என்ன செய்யும் என்று கேட்டார். கல்லீரலில் கொழுப்பு ஏறியவர்களுக்குச் சிறுநீரகமும் கெட வாய்ப்பு அதிகம், அங்கிருந்து ரத்தத்தில் கலக்கும் கெட்ட சரக்கு இங்கே சல்லடையை அரித்துவிடும் என்றார் ஹான். இப்போதைக்குக் கசிவு, விட்டால் ஒருநாள் டயாலிசிஸ்.

"நாலு கிலோ," என்றார் சதாசிவம்.

"ஒன்பது."

கடைசியில் ஏழுக்குப் படிந்தது. தவணை மூன்று மாதம்.

எடை பார்த்தார்கள். கனத்த ஷூ, கிடங்குச் சாவிக்கொத்து, இரண்டு போன், பித்தளைப் பட்டன் சாம்பிள் பை, எல்லாம் உடம்போடு இருக்கும்படிதான் ஏறினார். தொண்ணூற்றொன்று. அடுத்த முறை வெறுங்காலோடு ஏறினால் இரண்டு கிலோ சும்மாவே இறங்கும்.

வீட்டில் இதைப் பெருமையாகச் சொன்னபோது மனைவி ராஜம் கரண்டியைக் கீழே வைத்தார்.

"யாரை ஏமாத்துறீக? கிட்னி அந்த டாக்டரம்மாவோடதா?"

மறுநாளிலிருந்து பூ மி ஹங் குடியிருப்பின் ஏரிக்கரையில் அவர் நடந்தபோதெல்லாம் அந்தக் கேள்வியும் கூடவே நடந்தது. டின்பால் ஊற்றிய ஐஸ் காப்பி போயிற்று. ஆலைக்காரர்களோடு குடிக்கும் பீர் போயிற்று. சோற்றில் பாதியை ராஜம் அவர் கண் முன்னாலேயே எடுத்து வைத்தார்.

தவணை முடிந்த அன்று சதாசிவம் வெறுங்காலோடு ஏறினார். எண்பத்து நான்கு. கசிவு பாதியாகியிருந்தது, நிற்கவில்லை. அவர் மூச்சு விடுவதற்குள் ஹான் கேட்டார், சாவிக்கொத்து எங்கே, பட்டன் பை எங்கே என்று.

சதாசிவம் கூரையைப் பார்த்தார்.

"எங்கம்மா இந்த ஊர் பென்தான் சந்தையில துணி வித்தவங்க," என்றார் ஹான். "தராசுல ஏறுறவங்க பாக்கெட்டைத்தான் நான் முதல்ல பார்ப்பேன். கசிவு குறைய அஞ்சு வேணும். உங்க சாமானுக்கு ரெண்டு. நீங்க அடிச்சுக் குறைப்பீங்கன்னு மேல மூணு."

இத்தனை வருஷத்தில் பேரத்தில் இப்படி ஒரு ஆளிடம் சதாசிவம் தோற்றதில்லை. வாய்விட்டுச் சிரித்தார். அந்த மூன்றும் சும்மா ஏற்றிய விலையில்லை, கசிவு நிற்க அதுவும் இறங்கியாக வேண்டும் என்றார் ஹான்.

"ரெண்டரை?"

ஹான் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

ஆக, கேட்டது பத்து. கொழுப்பு வரவு ஐந்து. ஷூ, சாவி, பட்டன் வகையில் தள்ளுபடி இரண்டு. பாக்கி மூன்று.