பர்தாஸின் இடைவார்

"எங்க அப்பாவோட இடைவாரைக் கொடுங்க."

தெக்லா கேட்டேவிட்டாள். ஒருநாளும் கேட்கக் கூடாது என்று அம்மா சொல்லி வைத்திருந்ததை, அப்பாவைக் கழுவி முற்றத்துப் பாடையில் கிடத்திவிட்டு வந்த ஈரக் கையோடு, படைத்தலைவர் செர்கியோஸின் முகத்துக்கு நேராகக் கேட்டுவிட்டாள். வார் இல்லாமல் புதைக்கப்படுகிற சிப்பாய் இந்த நாட்டில் சிப்பாயே இல்லை.

துக்கம் விசாரிக்க வந்தவர் ஒயின் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "வரிசையை விட்டு ஓடினவனுக்கு வார் கிடையாதும்மா."

"எந்தப் பக்கம் ஓடினாரு? அதையும் சொல்லுங்க."

"வாயை மூடுடி," என்றாள் அம்மா கலீ.

ஊருக்கே தெரிந்த கதைதான். துருக்கரோடு நடந்த மான்சிக்கர்ட் போரில், பொழுது சாய்ந்ததும் பாசறைக்குத் திரும்பலாமென்று பேரரசர் கொடியைத் திருப்பச் சொன்னார். தூரத்தில் நின்றவர்களுக்கு அது தோற்ற கொடியாகத் தெரிந்தது. பேரரசர் செத்தார் என்று யாரோ கத்த, செர்கியோஸ் உட்படப் பின்படை மொத்தமும் வீட்டைப் பார்த்துக் குதிரையைத் திருப்பியது. அப்பா பர்தாஸ் மட்டும் குதிரையைக் கொடியை நோக்கி விட்டார். ஒரு கண்ணைக் கொடுத்துவிட்டு எப்படியோ தப்பி வந்தவரிடம்தான் செர்கியோஸ் வாரை அவிழ்த்து வாங்கினார்.

அதற்குப் பிறகு அப்பா சாப்பாட்டு மேசையில் கொண்டைக்கடலையைப் படைகளாகப் பரப்பி அதே போரைத் திரும்பத் திரும்ப நடத்தினார். பின்படை நின்றிருந்தால். கொடி கொஞ்சம் முன்னாலேயே திரும்பியிருந்தால். வலது அணி கலையாமல் இருந்திருந்தால். ஒவ்வொரு முறையும் பேரரசு ஜெயிக்கும், துருக்கர் மலை தாண்டி ஓடுவார்கள், கடலை பாழாகிறதென்று அம்மா கத்துவாள். தெக்லாதான் கவனித்தாள்: எத்தனை விதமாக ஜெயித்தாலும் அப்பாவாக நின்ற கடலை மட்டும் வீடு திரும்புவதில்லை.

"உங்க கடலை எங்கே, அப்பா?"

"அது அங்கதான் கெடக்கும். யாராவது நிக்கணும்ல," என்று சொல்லி அந்தக் கடலையை வாயில் போட்டுக்கொண்டார்.

அப்பேர்ப்பட்ட மனுஷனைத்தான் இந்த ஊர் ஒற்றைக்கண் ஓடுகாலி என்றது.

செர்கியோஸ் குரலைத் தாழ்த்தினார். "ஒரு வழி இருக்கு. குதிரை மிரண்டு இழுத்துட்டுப் போச்சு, அப்பா மேல தப்பில்லைன்னு கோயில்ல நாலு பேர் முன்னாடி சொல்லு. நானும் ஆமாம்பேன். வார் வந்துடும், அரசாங்கம் குடுத்த நிலமும் உங்ககிட்டயே இருக்கும். இல்லேன்னா நிலத்தை எடுத்துப்பாங்க. அவன் உசுரோட இருந்த வரைக்கும் நான்தான் தள்ளிப்போட்டேன்."

"சொல்லிடுடி. செத்தவருக்கு என்ன போகுது? நாம சாப்பிட வேணாமா?" என்றாள் அம்மா.

"அந்தக் குதிரையை உங்களுக்குத் தெரியாதா ஐயா? கிழட்டுக் கழுதை. அதை எதிரி பக்கம் திருப்பறதுக்குள்ள அப்பாவுக்குப் பாதி உசுரு போயிடுச்சாம். மிரண்டிருந்தா வீட்டைப் பாத்துல்ல ஓடியிருக்கும், உங்க குதிரைங்க மாதிரி?"

செர்கியோஸின் காது மடல் சிவந்தது. "நிலம் போகும், பொண்ணே."

தெக்லா அம்மாவைப் பார்த்தாள். அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு தெக்லா வெளியே போனாள். பாடையைச் சுற்றிக் குந்தியிருந்தவர்கள் எழுந்தார்கள். பாதிரியார் தூபக்காலை ஊதிக்கொண்டே, "வார் வருதாம்மா? காத்திருக்கணுமா?" என்றார்.

"வேணாம் சாமி. தூக்குங்க."

பெண்கள் பாடைக்குப் பின்னால் வருவதுதான் வழக்கம். அவள் முன்னால் நடந்தாள்.