லைனில் கோளாறு இல்லை

...இல்லை, நெட் இன்னும் போகவில்லை, திரையில் அந்தச் சிறுமி இசைப்பிரியா துபாயில் உட்கார்ந்து உதட்டைக் கடித்துக்கொண்டு பின்னங்களைக் கூட்டுகிறாள், அசைகிறாள், வழக்கம்போல் என்றால் இந்நேரம் வாய் பாதி திறந்தபடி சிலையாகியிருப்பாள், மலர்விழி மூச்சைப் பிடித்துக்கொண்டு அலமாரி மேல் இருக்கும் நெட் டப்பாவை ஓரக்கண்ணால் பார்க்கிறாள், விளக்குகள் எல்லாம் எரிகின்றன... எரியட்டும். இது இரண்டாவது சோதனை வகுப்பு. சென்னையிலிருந்து அந்த ஆன்லைன் டியூஷன் கம்பெனிக்காரர் முகம் காட்டாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார். போன தடவை பாதியில் இணைப்பு அறுந்து வேலை கைநழுவிப் போனது, இந்தத் தடவையும் அறுந்தால் இனிக் கூப்பிட மாட்டார்கள், மாசக் கடைசியில் கனெக்‌ஷனையே வெட்டிவிடலாம் என்று புருஷன் ஜெயப்பிரகாஷ் வேறு சொல்லிவிட்டார், அப்புறம் அவள் படித்த பி.எஸ்ஸி. கணிதம் பால் கணக்கு போடத்தான் ஆகும்.

யார் மேல்தான் பழி போடவில்லை? நெய்வேலி மைன்ஸில் வெடி வைத்தால் போகிறது என்றார் ஜெயப்பிரகாஷ், மைன்ஸிலேயே வேலை பார்க்கிறவர் சொன்னால் மறுக்க முடியுமா, மழையால் போகிறது என்றாள் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் தனபாக்கியம், அதுவும் கொளுத்துகிற சித்திரையில். அணில் கடித்தது, மரக்கிளை உரசியது... லைன்மேன் சிங்காரவேலு ஒவ்வொரு தடவையும் கம்பத்தில் ஏறி இறங்கி, "லைன்ல ஒண்ணும் இல்லீங்க, நல்லாத்தான் வந்துகினு இருக்கு" என்றார், மனுஷன் புளுகுகிறார் என்று வீடே முடிவு கட்டியது. கம்ப்ளெயிண்ட் கொடு, ஆள் வரும்... இதுதான் ஜெயப்பிரகாஷின் வேதம், குவார்ட்டர்ஸில் பிறந்து குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர், குழாயில் வாஷர் தேய்ந்தாலும் எழுதிக் கொடுத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்காருகிற ரகம். எதையும் தொடக் கூடாது, தொட்டால் குற்றம். இவளும் கல்யாணமாகி வந்து அப்படியே பழகித்தான் போயிருந்தாள்.

அப்புறம் ஒரு நாள் எரிச்சலில் திரையை விட்டுவிட்டு டப்பாவையே முறைத்துக்கொண்டிருந்தாள். இணைப்பு போனது, ஆனால் லைன் விளக்கு கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. அட, அப்படியானால் வெளியிலிருந்து வருவது வந்துகொண்டுதானே இருக்கிறது? தொட்டுப் பார்த்தாள், இஸ்திரிப் பெட்டியாகக் கொதித்தது. லைனிலிருந்து வாங்குகிற மோடம், வீட்டுக்குள் பங்கிடுகிற ரவுட்டர், இரண்டும் ஒரே டப்பாவுக்குள் குடித்தனம், வாங்குகிறவன் ஒழுங்காக வாங்க, பங்கிடுகிறவன்தான் நடுவில் மயங்கி விழுகிறான். பாவம் சிங்காரவேலு! நெட் இருந்தபோதெல்லாம் நெட்டிலேயே தேடிப் படித்தாள், செட்டிங்ஸுக்குள் நுழைந்து, நீ இனி வெறும் மோடம்தான் என்று டப்பாவுக்கு உத்தரவு போட்டு, பண்ருட்டியில் தனி ரவுட்டர் ஒன்று வாங்கிப் பக்கத்தில் மாட்டினாள்... முதலில் எதையோ மாற்றி அழுத்தி எல்லாமே செத்துப்போனது, "நெட் கம்பெனிக்காரன் பொருளை நோண்டாதேன்னு சொன்னேன்ல" என்று ஜெயப்பிரகாஷ் கத்தினார், ஊக்கு முனையால் ரீசெட் ஓட்டையைக் குத்திக்கொண்டே அழுதாள், அழுதாலும் கையை எடுக்கவில்லை. மறுபடி முதலிலிருந்து செய்தாள். அன்றிலிருந்து ஒரு தடவைகூடப் போகவில்லை, இன்றைக்கும் போகாது, போகக் கூடாது...

"மிஸ், எந்த நம்பரையும் ஜீரோவால வகுக்கக் கூடாதுன்னு சொல்றாங்களே, ஏன்?"

ஏன்? கூடாதென்றால் கூடாது, அவளுக்கும் அப்படித்தானே சொல்லிக் கொடுத்தார்கள், கண் தானாக அலமாரிக்குப் போகிறது, விளக்குகள் அசையாமல் எரிகின்றன, சிறுமி காத்திருக்கிறாள், சென்னைக்காரர் காத்திருக்கிறார், தப்பிக்க ஒரு சந்துகூட இல்லை. "உடனே சொல்லத் தெரியலம்மா, இரு, ரெண்டு பேரும் பார்ப்போம். ஆறை ரெண்டால வகுத்தா?" மூணு மிஸ். "அந்த மூணை ரெண்டால பெருக்கினா திரும்ப ஆறு வந்துடுது இல்ல? இப்ப எதை ஜீரோவால பெருக்கினா ஆறு வரும்?" இசைப்பிரியா யோசிக்கிறாள், முகம் மலர்கிறது, எதுவுமே வராது மிஸ் என்று கத்துகிறாள், அந்தக் கத்தல் முழுசாக, ஒரு எழுத்து அறுபடாமல் நெய்வேலிக்கு வந்து சேர்கிறது. திங்கட்கிழமையிலிருந்து ஆரம்பிச்சுடுங்க மேடம், என்கிறார் சென்னைக்காரர். ஜெயித்துவிட்டாள்! எழுந்து குதிக்க வேண்டும்போல் இருக்கிறது, வாசல் வரை ஓடி தனபாக்கியத்தைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும்போல் இருக்கிறது.

"கட்டே ஆவலையா?" ஜெயப்பிரகாஷ் கதவருகில் நிற்கிறார், மெச்சிக்கொள்ளவும் மனசில்லாமல் மறுக்கவும் வழியில்லாமல். "அதான் வேலை கெடச்சிடுச்சே, இன்னும் எதுக்கு அந்த டப்பாவையே பாத்துகினு இருக்க?"

எதற்கு? போன தடவையும் ஒரு பையன் இப்படித்தான் ஒன்று கேட்டான், மைனஸை மைனஸால் பெருக்கினால் ஏன் பிளஸ் வருகிறது என்று, அவள் வாயைத் திறப்பதற்குள் இணைப்பு போய்விட்டது, அன்று ராத்திரி முழுக்க டப்பாவைத் திட்டித் தீர்த்தாள். ஆனால் திட்டுவதற்கு முன்னால், திரை உறைந்த அந்த நொடியில், அப்பாடா என்று நெஞ்சு லேசானதே, அது என்ன? "சும்மாதாங்க" என்று சொல்லிவிட்டுக் காகிதத்தை இழுத்து வைத்துக்கொள்கிறாள், ஏன் பிளஸ் வருகிறது... அது அவளுக்கு இன்னும் தெரியாது.