வால்வை எவ்வளவு திறப்பது?

1

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை எழுத உட்கார்ந்தபோது இதில் சுழலி கிடையாது. பனி இருந்தது.

"பனி விடாமல் பெய்துகொண்டிருந்தது. ரயில் நிலையத்தில் அவள் ஒருத்தி மட்டும்"

இந்த வாக்கியத்தை அழிக்காமல் விட்டுவைக்கிறேன். மொழிபெயர்ப்பு நாவல்களாகவே வாசித்துத் தள்ளியவள் நான். எந்தக் கதையை நினைத்தாலும் என் தலைக்குள் முதலில் பனிதான் விழுகிறது. ஆனால் நான் மேடானிலிருந்து கடல் தாண்டி வந்து வேலை பார்ப்பது ஆலைகள் நிறைந்த கரவாங் நகரில். இங்கே வானத்திலிருந்து விழுவது மழை. எங்கள் ஆலைக்குள் விழுவது இரும்புத் தூள்.

போன வெள்ளிக்கிழமை மதியம். ஆண்கள் எல்லாரும் ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தார்கள். உதிரிபாகக் கிடங்கின் அலமாரிகளுக்குப் பின்னால் நான் ஒரு நாவலின் கடைசி அத்தியாயத்தில் இருந்தேன். நாயகி ரயிலில் ஒரு காலை வைத்துவிட்டாள். அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் 'ஊ' என்று ஒரு சத்தம் கிளம்பி, ஏறி, ஏறி, நிற்காமல் ஏறிக்கொண்டே போனது. ஒருவரும் இருக்கக் கூடாத நேரத்தில் ஒரு இயந்திரம் ஓடுகிறது!

புத்தகத்தை மூடிவிட்டு ஓடினேன். அந்த நாயகி இன்னும் ஒற்றைக் காலில் நிற்கிறாள். இந்தக் கதை அங்கேதான் பிறந்தது.

2

சரி, மறுபடியும் தொடக்கம்.

"இமாஸ் சோற்றைக் கரண்டியால் சாப்பிட்டாள்."

இது நன்றாக இருக்கிறது. எல்லாரும் கையால் அள்ளிச் சாப்பிடும் கரவாங்கில், பச்சைக் காய்களும் மிளகாய்ச் சம்பலும் வைத்துக்கொண்டு கரண்டியால் சாப்பிடும் ஒரு பெண்ணைப் பார்த்தால் யாருக்கும் ஏன் என்று கேட்கத் தோன்றும். நினிங் கேட்டாள். நினிங் இமாஸுக்குப் பக்கத்து இயந்திரத்துக்காரி. அவள் வாய்க்குக் கதவு கிடையாது.

"என்னடி, ஓட்டல்ல உக்காந்த மகாராணி மாதிரி கரண்டி?"

"சம்பல் பட்டா கை எரியுதுடி. உன் கையக் கொடு, அதால அள்ளித் தின்னுக்கறேன்."

"என் கை கழுவலையே."

"அதான் வாசனை தூக்குது."

இருவரும் சிரித்தார்கள். பிறகு இமாஸ் கையை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

அவள் சாணைச் சக்கரத்தில் வேலை செய்பவள். மோட்டார்சைக்கிள் கியர் தண்டுகளைத் தீட்டும்போது சூடு ஏறாமலிருக்க மேலே கூலன்ட் என்ற குளிர்விக்கும் திரவம் கொட்டிக்கொண்டே இருக்கும். புதிதாக வரும்போது அது தேங்காய்ப்பால் மாதிரி வெள்ளையாக இருக்கும். ஒரே கூலன்ட்தான் திரும்பத் திரும்பச் சுற்றும். இரும்புத் தூளும் சக்கரத்தின் பொடியும் கலந்து கொஞ்ச நாளில் சாக்கடை நிறத்துக்கு வந்துவிடும். சுழலும் சக்கரம் உறையை இழுத்துக்கொண்டால் விரலும் கூடப் போகும் என்பதால் கையுறை போடக் கூடாது. வெறுங்கை, கண்ணுக்குத் தெரியாத இரும்பு முள், நாள் முழுவதும். இமாஸின் விரல் இடுக்குகளெல்லாம் வெடித்திருந்தன.

ஆலையின் மேலாளர் த்ரெஸ்னா திங்கட்கிழமையே சொல்லிவிட்டார். கூலன்டைச் சுத்தம் செய்ய ஒரு சுழலி வெள்ளோட்டத்துக்கு வருகிறது. வேலை செய்தால் வாங்குவோம். செய்யாவிட்டால் வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கு லாரி வந்து ஏற்றிப் போய்விடும்; கையில் புண் உள்ளவர்களின் ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடியும்.

கையில் புண் உள்ளவர்கள் என்று பன்மையில் சொன்னார். எல்லாரும் இமாஸைத்தான் பார்த்தார்கள்.

3

சுழலி என்பது பயங்கரமான எதுவும் இல்லை. துணி துவைக்கும் இயந்திரம் கடைசியில் பிழியுமே, அந்த உருளைதான். ஓட்டை மட்டும் இருக்காது. அழுக்குக் கூலன்டை உள்ளே விட்டு வெறி பிடித்த வேகத்தில் சுற்றினால், கனமான தூள் ஓடிப்போய் உருளையின் சுவரில் அப்பிக்கொள்ளும். நல்ல கூலன்ட் விளிம்பு வழியாக வெளியே வந்துவிடும். சுவரில் அப்பிய சேற்றை அவ்வப்போது நிறுத்திச் சுரண்டி எடுக்க வேண்டும்.

[இந்த இடத்தில் 'எழுதுவதும் இப்படித்தானே' என்று ஒரு பத்தி வந்தது. அழகான பத்தி. அடித்துவிட்டேன். இது இரும்புச் சேறு. இமாஸின் கைக்குள் போகிற சேறு. இதை உவமையாக்க எனக்கு மனம் வரவில்லை.]

பராமரிப்புப் பிரிவின் ஜாஜாங் அண்ணன்தான் அதை ஓட்டிக் காட்டினார். நாலு நாளும், கூலன்டை உள்ளே விடும் வால்வை முழுக்கத் திறந்தார்.

"இப்பிடிப் பாயணும்! சொட்டு சொட்டா விட்டா சார் என்ன நெனப்பாரு? மெஷினுக்கு மூச்சு வாங்குதுன்னு நெனப்பாரு."

பாய்ந்தது. உள்ளே கறுப்பாகப் போய் வெளியே கறுப்பாக வந்தது.

என் முதல் வரைவில் ஜாஜாங் அண்ணன் வில்லன். மீசைகூட வைத்திருந்தேன். பிறகு நினைவு வந்தது: மழையில் மாட்டிக்கொண்ட என்னைத் தன் வண்டியில் ஏற்றி, மழைச்சட்டையையும் எனக்கே கொடுத்துவிட்டு, நனைந்துகொண்டே பாட்டுப் பாடிக்கொண்டு வந்த மனிதர் அவர். மீசையை எடுத்துவிட்டேன். அவர் தன் மெஷின் பார்க்க நன்றாக இருக்க வேண்டும் என்று நினைத்தார். அவ்வளவுதான்.

4

வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். 

ஆண்கள் உருளையைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது ஜும்மாவுக்கு நேரமாகிவிட்டது. மூடியைக் கவிழ்த்துவிட்டுக் கிளம்பினார்கள். நினிங்குக்கு உள்ளே என்னதான் இருக்கிறது என்று பார்க்க ஆசை. தூக்கிப் பார்த்தாள்.

"அடியே இமாஸ்! இங்க வா. பாதிதான் வழிச்சிருக்காங்க!"

ஒரு பக்கம் பளபளவென்று எஃகு. மறு பக்கம் விரல் தடிமனுக்குச் சேறு.

"இதோட வந்து ஓட்டினா?" என்றாள் இமாஸ்.

"எங்க வீட்டு மெஷின்ல ஈரக் கம்பளிய ஒரு பக்கமாப் போட்டா, குளியலறையிலேர்ந்து நடந்து வாசலுக்கே வந்துடும். இது சுவத்த இடிச்சுக்கிட்டுப் போயிடும்டி."

"சார் முன்னாடி!"

"சார் மேலயே!"

நினிங் சாப்பாட்டுக்கூடத்துக்கு ஓடிப்போய்ச் சோறு அள்ளும் மரக்கரண்டியைக் கொண்டுவந்தாள்.* இருவரும் சுரண்டினார்கள். சுரண்டி முடித்ததும் நியாயமாக மூடியை வைத்துவிட்டுப் போயிருக்க வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளிகள் அந்த மெஷினைத் தொட்டால் அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம் என்று பலகையே எழுதி வைத்திருக்கிறார்கள்.

இமாஸ் பலகையைப் பார்த்தாள். தன் கையைப் பார்த்தாள். மூடியைப் பொருத்தினாள். பச்சைப் பொத்தானை அமுக்கினாள்.

* இதைச் சாப்பாட்டுக்கூடத்தில் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

5

நான் கேட்ட சத்தம் அதுதான்! ஓடிப்போய்க் கதவருகே நின்றேன். உருளை வேகம் பிடித்துக்கொண்டிருந்தது. தரை ஆடவில்லை. ஒரே சீரான, மெல்லிய, உச்சசுருதிப் பாட்டு.

"இப்ப வால்வத் தெறக்கணும்," என்றாள் இமாஸ்.

"நீயே தெற. எனக்குக் கல்யாணம் ஆகணும்."

"எனக்கு மட்டும் ஆயிடுச்சா?"

"ரெண்டு பேரும் சாகறதுக்கு முன்னாடி யாராவது தெறங்க!" இது நான். (கதைக்குள் நான் பேசுவது முறையா என்று தெரியவில்லை. ஆனால் கத்தினேன்.)

இமாஸ் கண்ணை இறுக மூடிக்கொண்டு கைப்பிடியைத் தொட்டாள். பயத்தில் கொஞ்சம்தான் திருப்பினாள். ஒரு சுண்டுவிரல் அளவு ஓட்டம். மேலே திருப்ப அவளுக்குத் தைரியம் வரவில்லை. இதில் அறிவு ஒன்றும் இல்லை, நான் அவளை மேதையாக்கப் போவதில்லை. பயந்தாள், அதனால் மெதுவாக விட்டாள். மெதுவாக விட்டதால் தூளுக்குச் சுவர்வரை போய்ச்சேர நேரம் கிடைத்தது.

வெளிக்குழாயில் முதலில் கறுப்பு. பிறகு சாம்பல். பிறகு

"பிறகு" என்பதற்கு அடுத்த சொல்லை மூன்று முறை மாற்றினேன். வெள்ளை. வெள்ளை வந்தது. தேங்காய்ப்பால்!

நினிங் கீச்சென்று கத்திவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். இமாஸ் குனிந்து வெடித்த விரல்களைக் குழாய்க்கு அடியில் நீட்டினாள். கட்டைவிரலால் மற்ற விரல்களைத் தேய்த்துப் பார்த்தாள்.

"குத்தலடி," என்றாள். "நினிங், குத்தவே இல்ல."

அதற்குமேல் அவர்கள் சிரித்தார்களா அழுதார்களா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. நான் இரண்டையும் செய்தேன்.

6

ஆண்கள் திரும்பும் முன் மெஷினை நிறுத்தி, வால்வை மூடி, சேறு வழித்து, மூவரும் மூன்று திசையில் போய்விட்டோம். லாரி வாசலில் வந்து நின்றது. த்ரெஸ்னா வந்தார். வெளிக்குழாய் வந்து விழும் சுத்தக் கூலன்ட் தொட்டியில் கண்ணாடிக் குவளையை விட்டு மொண்டு வெளிச்சத்தில் பிடித்தார்.

"ஜாஜாங்! சாதிச்சிட்டியேய்யா!"

ஜாஜாங் அண்ணன் குவளையைப் பார்த்தார். தொட்டியைப் பார்த்தார். தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"நேத்தே ஒரு மாதிரி பிடிபட்டுடுச்சு சார்."

"எங்க, என் கண்ணு முன்னாடி ஒரு தடவ ஓட்டு. பாத்துட்டுக் கையெழுத்துப் போட்டுடறேன். லாரியக் காலியா அனுப்பிடலாம்."

பச்சைப் பொத்தான். உருளை பாடத் தொடங்கியது. ஜாஜாங் அண்ணனின் கை வால்வின் கைப்பிடிக்குப் போனது. அவர் முழுக்கத் திறப்பார். அவருக்கு வேறு மாதிரி திறக்கத் தெரியாது. தன் சக்கரத்தின் அருகே இமாஸ் நின்றுகொண்டிருந்தாள்.

7

முடிவு ஒன்று: இமாஸ் பேசாமல் இருக்கிறாள். கறுப்பு பாய்கிறது. லாரி மெஷினை ஏற்றிக்கொண்டு போகிறது. மாதக் கடைசியில் அவளும் போகிறாள்.

முடிவு இரண்டு: அவள் உண்மையைச் சொல்லிவிடுகிறாள். மெஷின் வாங்கப்படுகிறது. விதியை மீறியதற்காக அவளை அனுப்பிவிடுகிறார்கள். நினிங்கின் கைகள் பிழைத்துக்கொள்கின்றன.

முடிவு மூன்று: த்ரெஸ்னா கைதட்டுகிறார். எல்லாரும் கைதட்டுகிறார்கள். (இதை இரண்டு முறை எழுதிப் பார்த்தேன். சுகமாகத்தான் இருந்தது. இந்த ஆலையில் நடக்காது.)

இவற்றை நினிங்கிடம் சொன்னேன்.

"என்ன கத எழுதறே? நான் மயங்கி விழறேன்னு போடு. எல்லாரும் என்னத் தூக்க ஓடி வருவாங்க, அதுக்குள்ள இவ வால்வக் கொறச்சிடுவா."

"அது சினிமா மாதிரி இருக்கும்."

"அப்ப நல்லாத்தானே இருக்கும்!"

உண்மையில் நடந்தது எனக்குத் தெரியும். அதைச் சொன்னால் 'ஓகோ' என்று தலையாட்டிவிட்டு நீங்கள் வேறு கதைக்குப் போய்விடுவீர்கள். அந்த நொடியில் நாங்கள் யாருமே அவளுக்கு ஒரு சொல்லும் எடுத்துக்கொடுக்காமல் நின்றோம். நீங்களாவது கொடுங்கள்.

ஒன்றை மட்டும் நானே எழுதிவிடுகிறேன். அவள் சும்மா இருக்கவில்லை. இரண்டடி முன்னால் வந்து, மெஷின் சத்தத்துக்கு மேலே கத்தினாள்:

"அண்ணே!"

ஜாஜாங் அண்ணன் கைப்பிடியைப் பிடித்தபடி திரும்பிப் பார்க்கிறார். த்ரெஸ்னா குவளையோடு திரும்புகிறார். உருளை முழு வேகத்துக்கு வந்துவிட்டது. இந்தச் சத்தத்தில் நாலைந்து சொல்லுக்குமேல் யார் காதிலும் விழாது. அந்தச் சொற்கள் மெஷினையும் காப்பாற்ற வேண்டும், ஜாஜாங் அண்ணனின் முகத்தையும் காப்பாற்ற வேண்டும், அவளையும் காப்பாற்ற வேண்டும்.

வாயைத் திறந்துவிட்டாள். சீக்கிரம் சொல்லுங்கள்.